இயர்போனில் சத்தம் வரவில்லையா? ஊசியைக் கையில் எடுக்காதீர்கள்

கல்லூரி மாணவி ஒருவர் போனை என் மேசையில் வைத்தார். "அண்ணா, இயர்போன் போட்டா சத்தமே வரமாட்டேங்குது. ஊசியை வச்சு சுத்தம் பண்ணிப் பார்த்தேன். முன்னாடி ஒரு பக்கமாவது கேட்டுச்சு, இப்போ ரெண்டு பக்கமும் இல்ல" என்றார். இயர்போன் செருகும் ஜாக்கின் துளையை மைக்ரோஸ்கோப்புக்கு நேராகப் பிடித்தேன். அடியில் நூல்தூசி அழுந்தி அழுந்தி, சாம்பல் நிறத்தில் சின்னப் பொத்தான் போலப் படிந்திருந்தது. அதைவிட என்னை வருத்தியது பக்கச் சுவர்தான். அங்கே துளைக்குள் வளைந்து நிற்க வேண்டிய மெல்லிய உலோக நாக்கு ஒன்று, ஊசி பட்டு உள்ளே மடங்கிக் கிடந்தது. தூசியை எடுப்பது ஐந்து நிமிட வேலை. மடங்கிய நாக்குக்குப் போனையே பிரிக்க வேண்டும்.

இதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். சத்தம் வரவில்லை என்று என்னிடம் வரும் போன்களில் பெரும்பாலானவற்றின் ஜாக் நன்றாகவே இருக்கிறது. உள்ளே தூசி அடைத்திருக்கும், அல்லது கோளாறு வேறெங்கோ இருக்கும். ஜாக் உண்மையிலேயே கெடுவது பல நேரம் அதற்குப் பிறகு, அவசரத்தில் நாம் செய்யும் வைத்தியத்தால்.

முதல் கேள்வி ரொம்ப எளிது: கோளாறு போனிலா, இயர்போனிலா? அதே இயர்போனை வேறு ஒரு போனிலோ லேப்டாப்பிலோ செருகிப் பாருங்கள். வேறு ஒரு நல்ல இயர்போனை உங்கள் போனில் செருகிப் பாருங்கள். இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்றோடு நிறுத்தக் கூடாது. செருகும்போது வால்யூமைப் பாதி அளவுக்கும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வரவில்லையே என்று முழுக்க ஏற்றி வைத்திருப்போம், தொடர்பு கிடைத்த நொடியில் அது அப்படியே காதில் வெடிக்கும். இதில் விளையாடவே கூடாது.

இயர்போனில்தான் கோளாறு என்றால், வயர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் அறுந்திருக்கும். ஒன்று ப்ளக்கை ஒட்டிய கழுத்து, மற்றொன்று வயர் இரண்டாகப் பிரியும் இடம். பாட்டை ஓடவிட்டு அந்த இடங்களை மெதுவாக வளைத்துப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே செம்பு இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஜாக்கின் மேல் பழி போட வேண்டாம்.

இயர்போன் நன்றாக இருக்கிறது, போனில் மட்டும் வரவில்லை. அப்போதும் துளைக்குள் எதையும் விடாதீர்கள், முதலில் திரையைப் பாருங்கள். ப்ளூடூத் இயங்குகிறதா? பக்கத்து அறையில் இருக்கும் ஸ்பீக்கரோடு போன் தானாகவே இணைந்துகொண்டு சத்தத்தை அங்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பாட்டுக்கான வால்யூம் வேறு, அழைப்புக்கான வால்யூம் வேறு, ரிங்டோனுக்கு வேறு. ஒன்றை ஏற்றினால் மற்றது ஏறாது. ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால், அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் இடது வலது சமநிலைக்கான ஒரு கோடு இருக்கும், அது நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கை தவறி ஒரு ஓரத்துக்குப் போயிருந்தால் ஒரு காது செவிடாகத்தான் இருக்கும். பிறகு போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

ஆப்களிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலருக்கு முன்பு எப்போதோ இயர்போன் சின்னம் திரையிலேயே ஒட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் சத்தம் வராமல் போயிருக்கும். அதைச் சரிசெய்ய, சத்தத்தைக் கட்டாயமாக ஸ்பீக்கருக்குத் திருப்பும் ஆப் ஒன்றைப் போட்டிருப்பார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள். பல மாதம் கழித்து இயர்போன் வேலை செய்யவில்லை என்று வருவார்கள். ஆண்ட்ராய்டில் சேஃப் மோட் என்று ஒன்று இருக்கிறது, அதில் போனைத் திறந்தால் நாம் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாது. அங்கே சத்தம் வந்தால் ஜாக்குக்கும் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது ப்ளக்கைச் செருகிப் பாருங்கள். முழுதாக உள்ளே போய் "டக்" என்று உட்காருகிறதா, கடைசியில் கொஞ்சம் உலோகம் வெளியே தெரிகிறதா? தெரிந்தால் முதலில் போனின் உறையைக் கழற்றுங்கள். தடித்த உறை ப்ளக்கின் தலையைத் தடுத்துவிடும். உறையைக் கழற்றிய பிறகும் உட்காரவில்லை என்றால் அடியில் தூசி இருக்கிறது.

இந்தக் கடைசி அரை மில்லிமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மைக் உள்ள இயர்போனின் ப்ளக்கைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கம்பியில் மூன்று மெல்லிய வளையங்கள் தெரியும். அவை உலோகத்தை நான்கு துண்டுகளாகப் பிரிக்கின்றன. இன்று பெரும்பாலான போன்களில் உள்ள முறைப்படி நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு (மின்சாரம் திரும்பிப் போகும் வழி), நான்காவது மைக். துளைக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உலோக நாக்கு காத்திருக்கிறது. ப்ளக் முழுதாக இறங்கவில்லை என்றால் நாக்குகள் தவறான துண்டைத் தொடும், அல்லது இரண்டு துண்டுகளுக்கு நடுவே உள்ள வளையத்தில் நிற்கும்.

அப்போது வரும் ஒரு விசித்திரமான அறிகுறி பலரைத் திகைக்க வைக்கிறது: வாத்தியம் கேட்கிறது, பாடுபவரின் குரல் மட்டும் காணவில்லை! கிணற்றுக்குள் இருந்து வருவது போல எங்கோ தேய்ந்து கேட்கும். பாட்டுக் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி தரவிறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நடப்பது வேறு. கிரவுண்டுத் தொடர்பு விட்டுப்போனால் இடது, வலது இரண்டு காதுகளும் ஒரே சங்கிலியாகி, இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். பாடகரின் குரலைப் பொதுவாக இரண்டு பக்கமும் சமமாகத்தான் கலந்திருப்பார்கள். சமமானது கழிந்துபோகிறது, வாத்தியங்கள் மிஞ்சுகின்றன.

இதே அறிகுறி, ப்ளக் முழுதாக உட்கார்ந்த பிறகும் வந்தால், இயர்போன் பழைய முறையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஓ.எம்.டி.பி. என்று ஒரு முறை இருந்தது. அதில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். இன்று பரவலாக இருப்பது சி.டி.ஐ.ஏ. முறை. வயரில் உள்ள மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் குரல் தெளிவாகத் திரும்பினால் முறை பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பொத்தான் மைக் கம்பியைக் கிரவுண்டோடு இணைப்பதால்தான் அப்படி நடக்கிறது. போனிலும் பழுதில்லை, இயர்போனிலும் பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சுத்தம் செய்வதற்கு வருகிறேன். போனை முழுதாக அணையுங்கள். துளையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மரப் பல்குச்சியின் கூர் நுனியைக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டு, துளையின் நடுவாக அடி வரை விட்டு, மெதுவாகச் சுழற்றி மேலே இழுங்கள். குத்தக் கூடாது, சுவரைச் சுரண்டக் கூடாது. குத்தினால் தூசி இன்னும் இறுகும். முதல் முறை எதுவும் வராமல் இருக்கலாம், மூன்றாவது நான்காவது முறை ஓர் இழை நுனியில் மாட்டும், அதோடு மொத்தமும் உருண்டு வெளியே வரும். ஒரு ஜாக்கிலிருந்து இவ்வளவு வருமா என்று நினைப்பீர்கள். எல்லாம் சட்டைப்பையின் துணியில் இருந்து உதிர்ந்ததுதான். நாம் ஒவ்வொரு முறை ப்ளக்கைச் செருகும்போதும் அதைச் சம்மட்டி போல அடியில் அழுத்தி அழுத்தி வைத்திருக்கிறோம்.

ஊசி, சேஃப்டி பின், ஜெம் கிளிப் எதுவும் வேண்டாம். அந்த நாக்குகள் தலைமுடி போல மெல்லிய ஸ்பிரிங்குகள், ஒருமுறை மடங்கினால் திரும்ப எழாது. வாயால் ஊதவும் வேண்டாம், மூச்சில் இருக்கும் ஈரம் உள்ளே போகும். தூசியை எடுத்த பிறகும் கரகரப்பு இருந்தால், 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குச்சியில் சுற்றிய மெல்லிய பஞ்சை லேசாக நனைத்துத் துடைக்கலாம். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது, பஞ்சு உள்ளே தங்கவும் கூடாது. நன்றாக உலரும் வரை போனைப் போடாதீர்கள். சென்ட், சானிடைசர், மண்ணெண்ணெய் என்று கையில் கிடைத்ததை ஊற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

எதுவும் செருகாமலே திரையில் இயர்போன் சின்னம் தெரிகிறதா? ஜாக்குக்குள் ப்ளக் வந்ததை உணரும் ஒரு தொடுப்பு இருக்கிறது. ஈரமோ அழுக்கோ அதை ஏமாற்றிவிடும். ப்ளக்கை நாலைந்து முறை நிதானமாகச் செருகி எடுத்தாலே சில போன்கள் விடுபட்டுவிடும். மழையிலோ வியர்வையிலோ நனைந்திருந்தால் மட்டும் அப்படிச் செய்யாமல், போனை அணைத்து, துளை கீழே பார்க்கும்படி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஹேர் டிரையரின் சூடு உள்ளே இருக்கும் பசைகளையும் திரையையும் பதம் பார்க்கும்.

ஜாக்கே இல்லாத போன்கள் இப்போது நிறைய. ஐபோன் 2016இல், 7ஆம் மாடலோடு அதை விட்டுவிட்டது, பிறகு பலரும் விட்டார்கள். டைப் சி துளையில் கன்வெர்ட்டர் போட்டும் சத்தம் வரவில்லை என்றால் கன்வெர்ட்டரின் வகையைப் பாருங்கள். சிலவற்றில் போனின் டிஜிட்டல் ஒலியை, இயர்போனுக்குத் தேவையான அனலாக் ஒலியாக மாற்றும் சிப் இருக்கும், சிலவற்றில் வெறும் கம்பிதான். உங்கள் போன் அந்தத் துளை வழியே அனலாக் ஒலியை அனுப்பாத மாடல் என்றால் வெறும் கம்பி ஊமையாகத்தான் இருக்கும். சில போன்களில், வெளிக் கருவிகளை அந்தத் துளையில் இணைக்க விடும் ஓ.டி.ஜி. என்ற அமைப்பையும் இயக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லை, அல்லது ப்ளக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் வருகிறது என்றால், அது பிரித்துப் பார்க்க வேண்டிய பழுது. போன் கீழே விழும்போது ப்ளக் உள்ளே இருந்தால் அது நெம்புகோல் போல ஜாக்கைப் பிய்க்கும், ஜாக்கைப் போர்டோடு பற்றவைத்திருக்கும் சால்டர் விரிசல் விடும். ப்ளக்கின் நுனி உள்ளே ஒடிந்திருந்தால் சூப்பர் குளூ தடவி இழுக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். பசை நாக்குகளில் ஒழுகிவிட்டால் பிறகு ஜாக்கை மாற்றுவது தவிர வழியில்லை.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த மாடலில் ஜாக் தனித் துண்டா, மெயின் போர்டிலேயே சால்டர் செய்ததா?" தனி ஃப்ளெக்ஸிலோ (வளையும் மெல்லிய சர்க்யூட் பட்டை) சின்ன போர்டிலோ இருந்தால் கழற்றி மாட்டுவது எளிது. மெயின் போர்டில் இருந்தால் சூடு காட்டி எடுக்க வேண்டும், அதற்குக் கை பழகியவர் வேண்டும். பிரிப்பதற்கு முன் உங்கள் கண்ணெதிரே துளையை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுபவரிடம் கொடுக்கலாம்.

அந்த மாணவியின் போனில் ஜாக் தனி ஃப்ளெக்ஸில் இருந்தது. மாற்றிவிட்டு, இடது காது, வலது காது, மைக் மூன்றையும் அவரையே சோதிக்கச் சொன்னேன். பழைய ஜாக்கில் இருந்து எடுத்த அந்தச் சாம்பல் பொத்தானை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணா, இந்தத் தாளை நான் எடுத்துக்கலாமா? வீட்டுல தம்பி போனும் இப்படித்தான் இருக்கு, அவனும் ஊசி தேடிக்கிட்டு இருக்கான்" என்றார்.