பால் கேட்காத பிள்ளை

பிள்ளை பிறந்து ஆறாம் நாள். மருத்துவிச்சியாக யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தேன். "நல்ல பிள்ளை மிஸ்ஸி, அழுகிறதே இல்லை. பாலுக்கும் நாங்கள்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது" என்று அம்மம்மா பெருமையோடு சொன்னார். பிள்ளையை யன்னல் வெளிச்சத்தில் வைத்து, உள்ளங்காலைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் மஞ்சளாகவே நின்றது. விடிந்ததிலிருந்து ஒரேயொரு துணிதான் நனைந்திருந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சொன்னேன். "பிள்ளை பெற்ற துடக்கு, தீட்டு இன்னும் கழியவில்லையே. முப்பத்தோராம் நாள் முடியட்டும், காலை வெயிலில் பிடித்தால் மஞ்சள் இறங்கிவிடும்" என்றார். பேரப்பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர் அவர். ஆனால் உள்ளங்கால்வரை இறங்கிய மஞ்சளுக்கு முற்றத்து வெயில் போதாது. இந்த மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் என்ற பொருள் இரத்தத்தில் கூடி மூளைக்கு ஏறினால் செவிப்புலன் போகலாம், உயிரும் போகலாம். அரைமணி நேரம் பேசித்தான் சம்மதிக்க வைத்தேன். மூன்று நாள் நீல ஒளியின் கீழ் இருந்து, பிள்ளை சுகமாக வீடு வந்தது.

மலேரியா வாரிக்கொண்டுபோன 1935இல் இலங்கையில் பிறந்த 1000 குழந்தைகளில் 263 பேர் முதலாம் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் குறைவு. உலக அளவில் 1990இல் ஏறத்தாழ 65 ஆக இருந்தது, 2022இல் 28 அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டில் ஜப்பானில் 2, சியரா லியோனிலோ 70க்கு மேல். தடுப்பூசியும் கிளினிக்கும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் படித்த தாய்மாரும் சேர்ந்து நமக்குத் தேடித்தந்த இறக்கம் இது.

எஞ்சியிருக்கும் இழப்பில் பெரும்பங்கு முதல் 28 நாள்களிலேயே நேர்கிறது. 2022இல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்த 49 இலட்சம் பிள்ளைகளில் 23 இலட்சம் பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித்தொற்று, பிறவிக் குறைபாடு ஆகியவையே முக்கிய காரணங்கள். நாம் துடக்கென்று வாசலை அடைத்து வைத்திருப்பதும் இதே நாள்களில்தான். தாய்க்கு ஓய்வு கிடைப்பதும் வருவோர் கூட்டம் குறைவதும் நல்லதே. அந்த வழக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை மட்டும் அது மறிக்கக் கூடாது.

பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் சோர்ந்தே கிடந்தாலோ காத்திருக்க வேண்டாம். நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளிழுப்பது, வலிப்பு, காய்ச்சல், உடம்பு குளிர்ந்துபோவது, தொப்புளைச் சுற்றிச் சிவப்பது எல்லாமே அவசரம்தான். கோரோசனையும் தேனும் கொடுத்துப் பார்க்க வேண்டாம். நள்ளிரவானாலும் 1990 என்ற இலங்கை அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.