தள்ளாடி ஓடுபவரிடம் தண்ணீரை நீட்டுவதற்கு முன்

டிரையத்லான் பந்தயங்களில் மருத்துவக் கூடாரத்தில் இருக்கும் எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு நீச்சல் முடியும்வரை ஒரு பதற்றம், சைக்கிள் நேரத்தில் சிராய்ப்பும் எலும்பு முறிவும். ஆனால் கூட்டம் சேர்வது ஓட்டத்தில்தான். நன்றாகச் சைக்கிள் மிதித்து வந்தவர் நடக்கிறார், நிற்கிறார், வாந்தி எடுக்கிறார். உடனே பக்கத்தில் ஓடுபவர், தன்னார்வலர், உறவினர் என்று எல்லோரும் ஒரே வைத்தியம் சொல்கிறார்கள்: "தண்ணி குடிங்க, நிறையக் குடிங்க."

தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

அண்மையில் ஒரு பந்தயம். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். ஓட்டத்தின் பாதியில் ஒருவரை இரண்டு நண்பர்கள் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். வழியில் தண்ணீர் வைத்திருந்த ஒவ்வோர் இடத்திலும் அவருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அக்கறையோடுதான். அவர் எடுத்த வாந்தி வெறும் தண்ணீராக இருந்தது. விரல்கள் உப்பி மோதிரம் இறுகியிருந்தது. கடிகாரப் பட்டை மணிக்கட்டில் பதிந்து கிடந்தது. சைக்கிளை எங்கே விட்டீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. எடை பார்த்தால் காலையில் இருந்ததைவிடக் கூடுதல். ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) 135-ஆவது இருக்க வேண்டும், அவருக்கு 125-க்கும் கீழே. செறிவு கூடிய உப்புக் கரைசலை ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். இன்னும் சில கோப்பைகள் உள்ளே போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும். இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

"தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்த அளவு குடி" என்ற பாடம் நம் தலையில் ஆழமாக இறங்கியிருக்கிறது. அது தவறு. நீண்ட நேரம் உடல் உழைக்கும்போது, தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது, சிறுநீர் குறைகிறது. மேலே மேலே குடித்தால் அது வெளியேற வழியில்லை. உப்புக் கரைசல் உள்ள குடத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவது போல ரத்தத்தின் சோடியம் நீர்த்துப் போகிறது. லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைவு. வேகமாக, மிகவும் கீழே இறங்கினால் மூளை வீங்கும். தலைவலி, குமட்டல், வயிற்று உப்புசம், குழப்பம், அப்புறம் வலிப்பு, நினைவிழப்பு. உயிரே போயிருக்கிறது.

2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவு. மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே இது அதிகம் தெரிந்தது. மெதுவாக ஓடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல், ஏனென்றால் அவர்களுக்குக் குடிக்க நேரம் நிறைய. டிரையத்லானில் இன்னும் மோசம்: ஓடத் தொடங்கும் முன்பே பல மணி நேரம் சைக்கிளில், கை எட்டும் தூரத்தில் பாட்டில்.

"நான் வெறும் தண்ணீர் குடிக்கவில்லை, உப்புச்சத்து சேர்த்த எலக்ட்ரோலைட் பானம்தான் குடித்தேன்" என்பார்கள். அந்தப் பானங்களில் உள்ள சோடியம், ரத்தத்தில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். அளவுக்கு மீறினால் அதுவும் நீர்க்கத்தான் செய்யும்.

நீரிழப்பே ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. அதிகம் வியர்ப்பவர்கள், கடும் வெயிலில் ஓடுபவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, தங்கள் உடல் எவ்வளவு இழக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். முடிக்கும்போது எடை கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால்தான் கவலை.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் மரக்கட்டை மாதிரி இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான், கொஞ்ச தூரத்தில் சரியாகிவிடும். முடிவுக் கோட்டைத் தாண்டி நின்ற கையோடு தலைசுற்றி விழுந்தால், பெரும்பாலும் ரத்தம் கால்களில் தேங்கியிருக்கும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள், சில நிமிடங்களில் எழுந்துவிடுவார். எங்களை அதிகம் பயமுறுத்துபவர் கோட்டுக்கு முன்பே விழுகிறவர். 1982-இல் ஹவாயில் நடந்த டிரையத்லானில் ஜூலி மாஸ் என்ற வீராங்கனை தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்ட காட்சி இந்த விளையாட்டையே பிரபலமாக்கியது. அன்றிலிருந்து தவழ்பவரைப் பார்த்தால் கைதட்டுகிறோம். தட்டும் முன் அவர் முகத்தைப் பாருங்கள்.

உளறுபவரின் உடல் கொதித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பத் தாக்கு. வியர்க்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டத்தில் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் வியர்வை இருக்கும். நெற்றியிலும் அக்குளிலும் பார்க்கும் வெப்பநிலையை நம்ப முடியாது, ஆசனவாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். சிறுநீரகத்துக்கும் கேடு, சோடியம் குறையவும் வழி. கூடாரத்துக்கு வந்து "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். சோடியம் குறைந்தவருக்குச் சாதாரண சலைன் (செறிவு கூட்டாத உப்புக் கரைசல்) நிலைமையை மோசமாக்கலாம்.

தன்னார்வலர்களே, தள்ளாடுபவரிடம் கோப்பையை நீட்டும் முன் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: பெயர் என்ன, எத்தனையாவது சுற்று? பதில் தெளிவாக வந்தால் தாகமா என்று கேட்டுக் கொடுங்கள். குழறினால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரை நிறுத்துங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். பந்தயத்தைக் கெடுத்துவிட்டதாகக் கோபப்படுவார், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

ஓடுபவர்களே, நெஞ்சில் குத்தும் எண் அட்டையின் பின்பக்கம் காலை எடையையும் சாப்பிடும் மருந்துகளையும் எழுதி வையுங்கள். உங்களைத் தூக்கி வந்தால் நாங்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.