ஜே விசையை மாற்றுமுன் ஒருக்கா யோசியுங்கள்

போன கிழமை அறிவியல்நகரில் படிக்கிற, விம் என்ற உரைதிருத்தியில் எழுதுகிற தம்பி ஒருவன் கோல் எடுத்தான். "அண்ணை, டி ஜே அடிச்சா ரெண்டு வரியும் போகவேணும், இஞ்ச அரையும் குறையுமா நிக்குது. விம் பழுதாப் போச்சோ?" விம்மில் டி என்றால் அழி, ஜே என்றால் ஒரு வரி கீழே. விம்மில் பழுதில்லை. ஜே விசையை ஜி ஜேயாக மாற்றுகிற, எங்கேயோ கண்ட ஒரு வரியைத் தன் விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் அப்படியே ஒட்டியிருந்தான். கிளிநொச்சியில் பெடியளுக்கு இதைப் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

நீண்ட பந்தி திரையில் நாலு வரியாக மடிந்து தெரியும், கோப்பில் அது ஒரே வரி. உறுதியில் ஒரு காணி, வரம்பு போட்டதால் கண்ணுக்கு நாலு வயல். ஜே அடித்தால் உறுதிப்படி அடுத்த காணிக்கே பாயும். ஜி ஜே வரம்பைத் தாண்டி அடுத்த வயலுக்குள் இறங்கும். பந்திக்கு ஒரு வரி என்று தமிழ்க் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பாய்ச்சல் எரிச்சல்தான். இன்னொரு உரைதிருத்தியான ஈமாக்ஸ்காரர் 2009இல் வந்த 23ஆம் பதிப்பிலேயே திரையில் தெரியும் வரிப்படி நகர்வதை இயல்பாக்கிவிட்டார்கள். விம் தன் முன்னோடியான பழைய வீஐயின் வழக்கை விடவில்லை.

சரி, மாற்றலாம். ஆனால் விசையை மாற்ற வெறும் நோரீமேப் கட்டளையைப் போடாதீர்கள், அது டி (அழி), ஒய் (நகலெடு) போன்ற கட்டளைக்குப் பின்னால் வரும் ஜேயையும் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஜே முழு வரிகளாக எடுக்கும், ஜி ஜேயோ கேர்சர் நின்ற எழுத்திலிருந்து போய்ச் சேருகிற எழுத்துக்கு முன்வரைக்கும்தான். தம்பியின் அரைகுறை வரி அப்படி வந்ததுதான். கட்டளை கொடுக்கும் நார்மல் நிலைக்கு என்நோரீமேப், பகுதியைத் தெரிவுசெய்யும் விஷுவல் நிலைக்கு எக்ஸ்நோரீமேப் என்று தனித்தனியே எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், ஓரத்தில் சார்பு வரி எண்ணை (கேர்சரிலிருந்து எத்தனையாவது வரி என்பதை) பார்த்து 5 ஜே என்று குதிக்கிற பழக்கம் இருந்தால், விசைக்கு முன் அடித்த எண்ணை வைத்திருக்கும் வி:கவுண்ட் பூச்சியமாக இருக்கும்போது மட்டும் ஜி ஜே, மற்றப்படி ஜே என்று நிலைமையைப் பார்த்து விசையைத் தீர்மானிக்கிற எக்ஸ்பிரஷன் மேப்பாகப் போடுங்கள்.

விசைகளைப் பதிந்துவைத்துத் திரும்ப ஓட்டுகிற மேக்ரோவுக்கு இதுவும் காப்பில்லை. பெரிய திரையில் பதிந்த மேக்ரோவை மடிக்கணினியின் ஒடுங்கிய சாளரத்தில் ஓட்டினால் வரிகள் வேறிடத்தில் மடியும், கேர்சர் வேறிடத்தில் போய் நிற்கும், மேக்ரோ பாட்டுக்குத் திருத்திக்கொண்டே போகும். ஒருதரம் ஒரு பெயர்ப் பட்டியலை இப்படிக் குதறிவிட்டு, பின்னேரம் முழுக்க, செய்ததைத் திருப்பி எடுக்கிற யூ விசையை அடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஜே, மேலே போகிற கே இரண்டையும் தொடுவதில்லை. நார்மல் நிலையில் மேல், கீழ் அம்புக்குறிகளுக்கு மட்டும் ஜி கே, ஜி ஜே கொடுத்திருக்கிறேன். எழுத்தை உள்ளிடுகிற இன்சர்ட் நிலையிலும், ஒரு கட்டளைக்கு மட்டும் நார்மலுக்குப் போகவிடுகிற கொன்ட்ரோல்-ஓ வைத்துக் கொடுக்கலாம்தான், ஆனால் சொல் பரிந்துரைப் பட்டியல் திறந்திருக்கும்போது அம்பு பட்டியலுக்குள் இறங்காமல் வரியில் இறங்கிவிடும்.