கங்காணியும் கண்காணிப்பும்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கும் படிக்கட்டைத் திருத்த, உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபை பணம் ஒதுக்கியிருந்தது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஊரவர் சிலரைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். கூட்டத்தில் 'கண்காணிப்புக் குழு' என்று பெயர் வாசிக்கப்பட்டதும், கொழுந்து பறித்தே வயதான ஒரு பாட்டி கேட்டார்: “மறுபடியும் கங்காணியா?”

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி அது.

அலுவலகங்களில் 'மொனிட்டரிங்' என்று வழங்குவதற்குத் தமிழ், கண்காணிப்பு. இதன் வேர் 'கண்காணி' என்னும் பெயர்ச்சொல். 'கொல்' என்பதிலிருந்து ஆட்கொல்லி, 'காட்டு' என்பதிலிருந்து வழிகாட்டி பிறப்பது போல, 'காண்' என்னும் வினையோடு இகரம் சேர்ந்து 'காணி' ஆகிறது. கண்ணால் காண்பவர் கண்காணி. அதிலிருந்து கண்காணித்தல் என்னும் வினை, அதிலிருந்து கண்காணிப்பு. நிலத்தைக் குறிக்கும் காணி வேறு சொல். ஆனால் காணி இல்லாத மக்களின் ஊரில் இந்த இரண்டு காணியும் அடுத்தடுத்து ஒலிக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

சொல் பழையது. “கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்” என்று தொடங்கும் திருமந்திரப் பாடலில் கண்காணி இறைவனே. அவன் பார்க்காத இடமில்லை என்று உணர்ந்தவர் களவை விட்டார்கள் என்கிறார் திருமூலர். சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் 'கண்காணி' என்று பெயர். அவர்களுக்குத் தலைமையானவர் கண்காணி நாயகம். அதே காலத்துக்கு உரியது, முதலாம் பராந்தகன் நாளைய உத்தரமேரூர்க் கல்வெட்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்கள் அமைத்து ஊர் வேலைகளைப் பகிர்ந்த சபை அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊர்ப் பணத்தைத் தொட்டவர் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த எண்ணம் அல்ல.

மலையகத்தில் இந்தச் சொல் வேறு வழியில் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்தவர் கங்காணி. ணகரம் பேச்சில் ஙகரமாக மருவிய வடிவம் இது. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி. முற்பணம் கொடுத்தவரும் அவரே, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் ஆளை எண்ணியவரும் அவரே. தம் ஆட்கள் வேலைக்கு வந்த கணக்குப்படி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கடனை எழுதிய துண்டோடு ஆளையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. நம்மைப் பார்ப்பவர், நம் தலைக்குக் காசு வாங்குபவர் என்று இரண்டு பொருளும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டன. பாட்டி கேட்டது அந்தப் பொருளை வைத்துத்தான். சிங்களத்துக்குப் போய் 'கங்கானம' ஆன சொல்லும் இதுவே. கங்கானம்கே என்னும் குடும்பப் பெயர் அதன் தடம்.

இனிப் பணத்துக்கு வருவோம். பிரதேச சபையின் வருமானம் கட்டடங்கள் பெருகிய பகுதிகளின் ஆதனவரி என்னும் சொத்து வரி, பயிர்நிலங்களின் ஏக்கர் வரி, உரிமக் கட்டணம், கடை வாடகை, மாகாணத்தின் வழியாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், அரச மானியம் ஆகியவை. (ஆதனவரிக்குச் சிங்களத்தில் 'வரிபனம்' என்பார்கள், நம் வரியும் பணமும் சேர்ந்த சொல்.) ஏக்கர் வரி தேயிலை நிலத்துக்கும் உண்டு. அந்த நிலத்தில் வேலை செய்தவர்களுக்கோ சபை நெடுங்காலம் எட்டாததாகவே இருந்தது. பிரதேச சபைகளுக்கு முன்னோடியான கிராமச் சங்கங்களின் சட்டம் 1937 இல் திருத்தப்பட்டபோது இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்த பிறகும், அதன் 33 ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடம் தராது என்றே பொருள் கொண்டார்கள். தோட்ட மக்கள் வாக்களித்தார்கள், உறுப்பினர் ஆனார்கள், சபைக்குத் தலைவரான தவிசாளரும் ஆனார்கள்; தங்கள் லயத்துப் பாதைக்குக் கல் போட மட்டும் முடியவில்லை. 2018 இல்தான் சட்டம் திருந்தியது. அதே காலத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரண்டு சபைகளிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை பிரிந்து, இரண்டு சபைகள் ஆறாயின.

செலவிடும் உரிமை வந்தால் பார்க்கும் பொறுப்பும் வரும். இங்கே மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்கிறோம். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலைத்தலத்துக்கு வந்து அளப்பது மேற்பார்வை. அதிகாரம் உள்ளவர் மேலிருந்து பார்ப்பது. வேலை முடிந்தபின் கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலர்கள் ஏடுகளைச் சரிபார்ப்பது கணக்காய்வு. தமிழ்நாட்டில் இதைத் தணிக்கை என்பார்கள்; அச்சொல் திரைப்படத்தை வெட்டுவதற்கும் வழங்குவதால் நம் சொல்லே தெளிவானது. இரண்டுக்கும் நடுவில், வேலை நடக்க நடக்க, நாள்தோறும் அந்தப் படியில் ஏறி இறங்குபவர் பார்த்துக்கொண்டிருப்பது கண்காணிப்பு. மேற்பார்வையில் உள்ள 'மேல்' இச்சொல்லில் இல்லை. கண் இருந்தால் போதும். தோட்ட முறைதான் அதற்கு ஒரு 'மேல்' கட்டிவிட்டது.

ஆகவே, சொல்லைக் கைவிட வேண்டும் என்று சில நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஊரவரின் கண் எப்போதும் தேவை. 2023 மார்ச்சில் சபைகளின் ஆயுள் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் அவை இயங்கின. கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளில், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு தாளில் எழுதிக் கேட்பது குடிமக்களுக்கு இருந்த வழி. எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தீர்கள், எவ்வளவு வேலையை அளந்து பணம் கொடுத்தீர்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். சனசமூக நிலையத்தில் நாலு பேர் சேர்ந்தால் எழுதிவிடலாம்.

பாட்டிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்: “இல்லை அம்மா. அன்று கங்காணி உங்களை எண்ணினார். இன்று நீங்கள் படிகளை எண்ணுகிறீர்கள். மதிப்பீட்டுத் தாளில் எத்தனை படி என்று எழுதியிருக்கிறதோ, அத்தனையும் இருக்க வேண்டும்.”