விமானத்துக்குச் சான்று தருவது யார், அதுபற்றிக் கேட்டறியும் உரிமை என்ன?

தில்லி ஐ.என்.ஏ. சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் தமிழர்கள் பலர் ஸஃப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் டி.ஜி.சி.ஏ. அலுவலகத்தைக் கடந்து சென்றிருப்பார்கள். நாட்டில் பதிவான ஒவ்வொரு விமானத்துக்கும் பறக்கும் தகுதிச் சான்று தருவது இந்த விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்தான். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய வாயுயான் அதிநியம் இதற்கு அதிகாரம் அளிக்கிறது.

தனி விமானத்துக்குத் தரும் சான்று வேறு, அந்த ரகத்தின் வடிவமைப்புக்குத் தரும் சான்று வேறு. போயிங் ரகங்களுக்கு அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வும், ஏர்பஸ் ரகங்களுக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையும் வடிவமைப்புச் சான்று அளிக்கின்றன. நாம் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்கிறோம். எஃப்.ஏ.ஏ. தன் சோதனை வேலையில் ஒரு பகுதியைப் போயிங் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது 737 மேக்ஸ் விபத்துகளுக்குப் பிறகுதான் உலகத்தின் பேச்சானது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த அந்த இரு விபத்துகளில் மொத்தம் 346 பேர் இறந்தார்கள். இரண்டாம் விபத்துக்கு மறுநாள் சீனா அந்த ரகத்தை நிறுத்தியது, அதற்கு அடுத்த நாள் இந்தியா நிறுத்துவதாக அறிவித்தது, சான்றளித்த அமெரிக்கா அதன் பின்னரே நிறுத்தியது. அயலார் சான்றை அப்படியே நம்பவேண்டியதில்லை என்பதை நம் இயக்குநரகம் 2018 மார்ச்சிலும் காட்டியிருக்கிறது: பிராட் அண்ட் விட்னி என்ஜின் கோளாறுக்காக இண்டிகோ, கோ ஏர் நிறுவனங்களின் 11 விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. எரிபொருள் சுவிட்ச் தானாக நகராமல் தடுக்கும் பூட்டமைப்பைச் சோதிக்குமாறு எஃப்.ஏ.ஏ. 2018 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பு வெறும் ஆலோசனை என்பதால் ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை என்று, 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தின் முதல்கட்ட அறிக்கை பதிவுசெய்தது. விபத்துக்கு அதுவே காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனாலும் அறிக்கை வந்த பிறகு, ஜூலை 14 அன்று, இயக்குநரகம் அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் பெரிய பயணிகள் விமானம் தயாராவதில்லை. ஆகவே தயாரிப்பாளரின் நேரடி நெருக்கம் இங்கே குறைவு. என் கணிப்பில் நம் சிக்கல் வேறு: விதி வகுக்கும் இயக்குநரகமும், விபத்தை விசாரிக்கும் புலனாய்வுப் பணியகமும் ஒரே அமைச்சகத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. விசாரணை எட்டும் இடங்களில் இயக்குநரகத்தின் செயலும் ஒன்றாகலாம் என்பதால் இந்த அமைப்பு உறுத்துகிறது.

இந்த முடிவுகளின் கோப்புகளைப் பார்க்கக் குடிமகனுக்குள்ள வழி, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனு ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அனுப்பும் பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்கலாம்; எனவே தமிழில் எழுத விரும்பினால் தமிழ்நாட்டிலிருந்து அனுப்புவதே சரி. "ஏன் சோதிக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அன்று என்று தள்ளிவிடுவார்கள். "இந்தத் தேதியிட்ட எஃப்.ஏ.ஏ. குறிப்பின்மேல் எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்" என்று கேட்டால் அந்தச் சாக்குக்கு இடமில்லை. வணிக ரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். பெரும் பொதுநலன் இருந்தால் தகவல் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதை முதல் மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகும் மறுத்தால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்தை அணுகலாம்.