பால் பல்லைக் கூரையில் வீசுவதற்கு முன்

"பல்லை டப்பாவில போட்டு எடுத்துக்கிட்டுப் போறியேம்மா, அப்புறம் பிள்ளைக்குப் பல்லு எப்படி முளைக்கும்?"

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பாட்டி ஒருவர் என்னைக் கேட்டது இது. விழுந்த பால் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் வீசிப் பழகியவர். பதினோராவது மாடியில் கூரையும் இல்லை, சாணியும் இல்லை. ஆனாலும் அந்த நம்பிக்கை தோட்டத்து லயத்திலிருந்து அவரோடு லிஃப்டில் ஏறி வந்துவிட்டது. ஆறு வயதுப் பேரன் முன்பல் ஓட்டையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றான்.

நான் ஊசி போடும் டாக்டர் இல்லை. நாம் மூச்சில் இழுப்பதும் வாயில் போடுவதும் குழந்தையின் மூளை வளர்ச்சியை என்ன செய்கின்றன என்று முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ந்துகொண்டிருப்பவள். "இன்னுமா படிக்கிற?" என்று அடுத்து வரும் கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

பல்லை ஏன் கேட்கிறோம்? பால் பல் தாய் வயிற்றில் நான்காம் மாத வாக்கில் உருவாகத் தொடங்குகிறது. நாளுக்கு ஒரு மெல்லிய அடுக்காக வளர்கிறது. குழந்தை பிறக்கும்போது அதில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது வயிற்றுக்குள் சேர்ந்தது, அந்தப் பக்கம் இருப்பது வீட்டுக்கு வந்தபின் சேர்ந்தது. ரத்தத்தில் கலந்த ஈயம், அதாவது காரீயம் (lead), ஒரு மாதத்தில் ஏறத்தாழ பாதியாகிவிடும். பல்லுக்குள் போனது அங்கேயே தங்கிவிடும். 1958இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அணுகுண்டுச் சோதனைகளின் தூசி பிள்ளைகளின் உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கப் பால் பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பிற்பாடு அது மூன்று லட்சத்தைத் தாண்டியது. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் பாஸ்டன் அருகே பள்ளிப் பிள்ளைகளின் பற்களில் ஈயத்தை அளந்தார். எந்தப் பிள்ளைக்கும் நோய் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் பல்லில் ஈயம் கூடியிருந்தவர்களுக்கு அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் குறைந்தது. 'கவனம் சிதறுகிறது' என்று ஆசிரியர்கள் குறித்ததும் பெரும்பாலும் அவர்களைத்தான்.

ஈயம் சுண்ணாம்புச்சத்தைப் போல வேடமிட்டு உடம்புக்குள் நுழையும் பொருள். பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் குடல் அதை நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையென்றால் இன்னும் கூடும். 1960களில் 100 மில்லி ரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வரை அமெரிக்காவில் பெரிதாகக் கவலைப்படவில்லை. இன்று அங்கே 3.5 வந்தாலே விசாரிக்கிறார்கள். எந்த அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை.

என்னை உலுக்கியது 2005இல் வந்த கணக்கு. ஏழு ஆய்வுகளின் 1,333 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் ஈயம் 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10க்கு ஏறும்போது அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 3.9 குறைகிறது. 10இலிருந்து 20க்குப் போனால் மேலும் 1.9தான். 20இலிருந்து 30க்கு 1.1. அதாவது முதலில் சேரும் கொஞ்சம்தான் அதிகமாகத் தின்கிறது. 'கொஞ்சம்தானே, பரவாயில்லை' என்று வீட்டில் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று எண்களும் நினைவுக்கு வரும்.

அந்தப் பாட்டி வீட்டுக்கே வருகிறேன். பையனின் அப்பா பிறை என்ற ஊரில் பழைய கார் பேட்டரி உடைக்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். பேட்டரிக்குள் இருப்பது ஈயம். அதன் தூசி சட்டையோடு வீட்டுக்கு வரும். வீடு திரும்பியதும் மகனைத் தூக்கிக்கொள்வார். அவருடைய சட்டையும் பையனின் பள்ளிச் சீருடையும் ஒரே வாஷிங் மெஷினில் சுழலும். வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றி, காலணியையும் விட்டுவிட்டு வரச் சொன்னேன். "அங்க குளிக்க இடமே இல்ல டாக்டர்" என்றார். நான் கையில் வைத்திருந்த அறிவுரைத் தாளில் இதற்கு விடை இல்லை. இப்போதைக்கு வாசலுக்கு வெளியே ஒரு மூடிபோட்ட வாளி, சட்டை அதற்குள், நேராகக் குளியலறை, அதன் பிறகுதான் பிள்ளை என்று முடிவானது. குளிக்க இடம் கட்ட வேண்டியது முதலாளி. அந்தப் பாரத்தைத் துவைக்கிற மனைவியின் தலையில் ஏற்றிவிட்டு வந்ததில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது கண்மை. வீட்டில் விளக்கெண்ணெய் விளக்குப் புகையில் பிடித்தது வேறு. 'ஊரிலிருந்து வந்தது' என்று பெயரோ முகவரியோ இல்லாத சின்னச் சிமிழில் வரும் மை, சுருமா எல்லாம் வேறு. சுருமாவில் சில ஈயச் சல்பைடால் ஆனவை. குழந்தை கண்ணைக் கசக்கும், அதே கையை வாயில் வைக்கும். கண் வேண்டாம், திருஷ்டிக்கு உள்ளங்காலில் வைக்கிறோம் என்பார்கள். ஏழாம் மாதத்தில் அந்தக் காலும் வாய்க்குத்தான் போகும்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் ஜன்னல் சாயம் உரிந்து விழுந்தால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். தூசி எழும்பி வேறிடத்தில் படியும். ஈரத்துணிதான் சரி.

புகைமூட்டம் வந்தால் எல்லோரும் காற்று மாசுக் குறியீட்டைப் பார்க்கிறோம். 2015இலும் 2019இலும் பள்ளிகளையே மூடினார்கள். வானம் நீலமாக இருக்கும் நாளில் மதியம் பள்ளி வாசலில் குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டு வரிசையில் நிற்கும் கார்களை யாரும் பார்ப்பதில்லை. பார்சலோனாவில் 39 பள்ளிகளின் பிள்ளைகளை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாகனப் புகை கூடிய பள்ளிகளில் படித்தவர்களின் நினைவாற்றல் மெதுவாகவே வளர்ந்திருந்தது. வீட்டுக்குள்ளும் புகை உண்டு. 2003இல் சீன, மலேசியக் கொசுவர்த்திச் சுருள்களை எரித்து அளந்தபோது, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று தெரிந்தது. டிங்கி இருக்கும் ஊரில் கொசுவைக் கடிக்கவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வலை கட்டுங்கள், மின்விசிறி போடுங்கள். சுருளைக் கதவடைத்த அறையில் தொட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் சேர்த்தே சொல்கிறேன். பாட்டிமார் மன்னிக்கவும்.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம். மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீனில் பாதரசம் சேரும், சுறா அந்த வகை. மூளைக்கு மீன் நல்லது, அதனால் நிறுத்தாதீர்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கெம்போங் என்ற கானாங்கெளுத்தியும் மத்தியும் போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஞாபகசக்திக்கு ஏதாவது மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?" என்றார் பையனின் அம்மா. பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது என்று 2004இல் எழுதினார்கள். மூளைக்கென்று வாங்கிய டப்பாவே மூளையைத் தின்றுவிடக்கூடும். முடியை அனுப்பி நச்சு பார்க்கும் பரிசோதனைகளுக்கும் காசை வீணாக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் கிளினிக்கில் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈயம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கையோடு இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 3.9 என்பது கூட்டத்தின் சராசரி. அதை வைத்து உங்கள் பிள்ளையின் நெற்றியில் எதுவும் எழுத முடியாது.

பாட்டி கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பல்லைக் குறுக்கே அறுத்துத்தான் பார்ப்போம் என்று ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்தார். நிபோங் திபாலில் தம்பி வீட்டுக்கு இன்னும் தகரக் கூரைதான், பாதியையாவது திருப்பிக் கொடு என்றார். புட்டியில் எண் ஒட்டுகிற இடத்துக்குக் கீழே 'பாதி பாட்டிக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.