சிவப்புக் கொடிச் சட்டமும் அந்த 14 நாட்களும்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் எந்தக் குற்றமும் செய்யாமலே, எந்த வழக்கிலும் தண்டனை பெறாமலே, தன் துப்பாக்கிகளைச் சில காலம் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டிவரலாம். அதற்கு வழிசெய்வதைத்தான் பேச்சு வழக்கில் சிவப்புக் கொடிச் சட்டம் என்கிறார்கள். ஒருவர் தன்னையோ பிறரையோ சுட்டுவிடக்கூடும் என்று நீதிபதி கருதினால், அவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று குறிப்பிட்ட காலத்துக்கு உத்தரவிடலாம். இது சிவில் உத்தரவு. கைது இல்லை, குற்றப்பதிவு இல்லை. ஆனால் உத்தரவு நடப்பில் இருக்கும்வரை புதிதாகத் துப்பாக்கி வாங்கவும் முடியாது.

இது மாநிலச் சட்டம். 1998இல் லாட்டரி அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் மேலதிகாரிகளைச் சுட்டுக் கொன்றதற்கு மறு ஆண்டு கனெக்டிகட் முதலில் இயற்றியது. 2005இல் இண்டியானா. மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை 2018 முதல்தான் வந்து சேர்ந்தன. இன்று 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது உண்டு. டெக்சாஸில் இல்லை. ஓக்லஹோமா 2020இல் இப்படியொரு சட்டமே கூடாது என்று தனிச் சட்டம் போட்டது. 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இவ்வகைத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கியதே தவிர, நாடு முழுவதற்கும் ஒரே சிவப்புக் கொடிச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. ஆகவே ‘என் துப்பாக்கியைப் பறிப்பார்களா?’ என்று கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதுதான்.

ஃபுளோரிடாவை எடுத்துக்கொள்கிறேன். துப்பாக்கி உரிமையை உயர்த்திப் பிடிக்கும் மாநிலம். குடியரசுக் கட்சி ஆட்சி. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட, ஒரு மாதம் முடிவதற்குள் அங்கே சட்டம் வந்துவிட்டது. மனு போடும் உரிமை போலீசுக்கு மட்டுமே. மனைவியோ அண்டை வீட்டுக்காரரோ அலுவலக நண்பரோ நேரடியாக நீதிமன்றம் போக முடியாது. போலீசிடம் சொல்லலாம், அவர்கள் விசாரித்து மனு போட வேண்டும். கலிஃபோர்னியாவில் குடும்பத்தினரே போடலாம். முதலாளி, உடன் வேலை செய்பவர், ஆசிரியர் ஆகியோருக்கும் 2020இலிருந்து வழி திறந்திருக்கிறது. துப்பாக்கிக்காரரைப் பொறுத்தவரை இரு மாநிலங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்பேன்.

மனு வந்ததும், அன்றோ மறு வேலைநாளிலோ நீதிபதி பார்க்கிறார். அப்போது எதிர்மனுதாரருக்கு, அதாவது துப்பாக்கிக்காரருக்கு, தகவல் போவதில்லை. முன்கூட்டிச் சொன்னால் அந்த இடைவெளியிலேயே விபரீதம் நடந்துவிடலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் போதும், இடைக்கால உத்தரவு பிறக்கும். போலீசார் வீட்டுக்கு வந்து உத்தரவைக் கொடுத்து, துப்பாக்கிகள், தோட்டாக்கள், மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள். 14 நாட்களுக்குள் முழு விசாரணை. அங்கே அளவுகோல் உயர்ந்துவிடுகிறது: தெளிவான, ஐயத்துக்கு இடம் குறைந்த சான்றைப் போலீசார்தான் காட்ட வேண்டும். காட்டினால் 12 மாதம் வரை தடை. காட்டத் தவறினால் பொருள்கள் திரும்பிவிடும். நியூயார்க்கில் இடைக்கால உத்தரவு வந்த ஒரு வாரம், பத்து நாட்களுக்குள் விசாரணை வந்துவிடும். கலிஃபோர்னியாவில் 21 நாள் வரை ஆகலாம், இறுதித் தடை 5 ஆண்டு வரை நீளலாம்.

சாதாரண உரிமையாளருக்கு இந்தச் சட்டத்தின் கனம் முழுவதும் அந்த 14 நாட்களில்தான் இருக்கிறது. கோபத்தில் ஒரு துப்பாக்கியை மச்சான் வீட்டுப் பரணில் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. ஃபுளோரிடாவில் உத்தரவை மீறித் துப்பாக்கி வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க பெருங்குற்றம். அதில் தண்டிக்கப்பட்டவர் கூட்டாட்சிச் சட்டப்படி மேற்கொண்டு துப்பாக்கியையே தொட முடியாது. பதினான்கு நாளில் முடிந்திருக்கக்கூடிய தடை ஆயுள் தடையாக மாறுவது இப்படித்தான். உறவினரிடம் கொடுத்து வைக்கச் சட்டமே வழி தருகிறது: துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையில் அவர் தேற வேண்டும், உங்கள் கைக்கு எட்டாமல் வைப்பேன் என்று உறுதி தர வேண்டும், போலீசாருக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

ரசீதில் ஒவ்வொரு துப்பாக்கியின் வகையும் தொடர் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்; நீங்கள் இல்லாமலும் உத்தரவு பிறக்கலாம். இது சிவில் வழக்கு என்பதால் பெரும்பாலான மாநிலங்களில் அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தராது. கொலராடோ விதிவிலக்கு, அங்கே அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதே சம்பவம் பற்றிக் குற்ற வழக்கும் இருந்தால், இங்கே நீங்கள் வாய் திறந்து சொல்வது அங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். அதனால் கைக்காசு செலவானாலும் வழக்கறிஞரிடம் ஒருமுறையாவது பேசிவிடுவது நல்லது.

வேட்டைக்குப் போகிறவர், பத்துத் துப்பாக்கி சேர்த்து வைத்திருப்பவர், அரசியல் பேசுகிறவர் இவர்கள் பயப்பட வேண்டுமா? எண்ணிக்கை காரணமாகாது. அண்மையில் செய்த வன்முறை, கொலை மிரட்டல், தற்கொலைப் பேச்சு, போதைப் பழக்கம், முந்தைய உத்தரவை மீறியது போன்றவற்றைத்தான் நீதிபதி சேர்த்துப் பார்க்கிறார். அண்மையில் துப்பாக்கி வாங்கியதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றை மட்டும் வைத்து ஆபத்து என்று நிரூபிப்பது கடினம்.

பொய் மனு வராதா என்றால், வந்திருக்கிறது. 2020இல் கொலராடோவின் லாரிமர் மாவட்டத்தில் ஒரு பெண், தன் மகனைச் சுட்ட போலீஸ்காரருக்கு எதிராக மனு போட்டார். போலீசும் குடும்பத்தினரும் மட்டுமே அப்போது அங்கே மனு போட முடியும் என்பதால், அவருக்கும் தனக்கும் ஒரு குழந்தை இருப்பதாகப் பொய் சொன்னார். மனு தள்ளுபடியானது, அவர்மீதே குற்ற வழக்கு பாய்ந்தது. ஃபுளோரிடாவிலும் விசாரணையில் சத்தியம் செய்துவிட்டுத் தெரிந்தே பொய் சொல்வது பெருங்குற்றம். ஆனால் பொய் வெளிப்படும்வரை துப்பாக்கி போலீசாரிடம் இருக்கக்கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

உத்தரவைக் கொண்டுசேர்க்கும் கட்டத்திலும் ஆபத்து இருக்கிறது. மேரிலாந்தில் சட்டம் நடைமுறைக்கு வந்த மறு மாதமே, 2018 நவம்பரில், காலை ஐந்து மணி வாக்கில் உத்தரவோடு போன போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் வீட்டுக்காரர் இறந்தார். துப்பாக்கியோடு கதவைத் திறந்ததில் தொடங்கிய தகராறு அது. மறுபுறம், கனெக்டிகட்டை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகக் குழு, 10 முதல் 20 பறிமுதலுக்கு ஒரு தற்கொலை தடுக்கப்பட்டிருக்கும் என மதிப்பிட்டது. அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதால் இதை நான் சிறிதாக எண்ணவில்லை.

அரசமைப்புச் சட்டப்படி இது செல்லுமா? ஃபுளோரிடாவில் இதை எதிர்த்துப் போனவர் ஒரு துணை ஷெரீஃப், அதாவது மாவட்டப் போலீஸ் அதிகாரி. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிறருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கலாம் என்று 8-1 எனத் தீர்ப்பளித்தது. அது குடும்ப வன்முறைத் தடையுத்தரவு பற்றியது. எதிர்த் தரப்பைக் கேட்காமலே பிறக்கும் இடைக்கால உத்தரவு அங்கே கேள்வியாக வரவில்லை.

கணவன்மீது உத்தரவு வந்தால் மனைவியின் துப்பாக்கி என்னாகும் என்றும் கேட்கிறார்கள். தன்னுடையது என்று அவர் நிரூபித்து, கணவர் கைக்கு எட்டாத வகையில் பூட்டி வைத்தால் ஃபுளோரிடாவில் திருப்பித் தந்துவிடுவார்கள்.

ஃபுளோரிடாவில் தடையை முன்கூட்டியே நீக்கக் கோரி அந்தக் காலத்துக்குள் ஒரே ஒருமுறை மனு போடலாம்; அப்போது ஆபத்து நீங்கிவிட்டது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். முடிவதற்கு முந்தைய 30 நாட்களில் போலீசார் நீட்டிப்புக் கேட்கவும் கூடும். எல்லாம் முடிந்த பிறகு துப்பாக்கி தானாக வீடு தேடி வராது. ரசீதோடு போய்க் கேட்க வேண்டும், பின்னணிச் சோதனை மறுபடி நடக்கும். ஓராண்டு வரை கேட்காமலே விட்டவற்றைப் போலீசார் அப்புறப்படுத்திவிடலாம்.